சாவியைத் தம்பி கையில் கொடுக்கும் முன்

ஜனவரி 12
வாடகைக்கு விட்ட வீட்டை இத்தனை நாள் அப்பாதான் பார்த்துக்கொண்டார். இனி அவரால் மாடிப்படி ஏற முடியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு என்னால் குழாய் மாற்ற முடியாது, ஆளை வைத்தே ஆக வேண்டும். ஒரு ஏஜென்ஸியிடம் விசாரித்தேன். கமிஷனை உடனே சொன்னார்கள். குடிவைத்துத் தருவதோடு வேலை முடிந்ததா, பழுது பார்ப்பதும் சேர்ந்ததா என்றால் நேரான பதில் இல்லை. சித்தப்பா மகன் பக்கத்திலேயே இருக்கிறான். கேட்டுப் பார்க்கலாம்.

ஜனவரி 16
“சம்பளமா? என்னண்ணா இது!” என்றான் தம்பி. நான் விடவில்லை. உறவுக்காகச் சும்மா செய்பவரிடம் ரசீது எங்கே என்று கேட்க வாய் வராது. கேட்காமலே விட்டால் நாளைக்கு அதுவே மனக்கசப்பாகும். மாதாமாதம் ஒரு தொகை என்று பேசி முடித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஜனவரி 23
எனக்குப் பதிலாகத் தம்பி செயல்பட நான் எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தின் மாதிரி வந்தது. விற்க, அடமானம் வைக்க, தானமாகக் கொடுக்க என்று எல்லாமே அதில் இருந்தது. தம்பியை முழுசாக நம்புகிறேன். ஆனாலும் வாடகை வசூலிக்கப் போகிறவனுக்கு விற்கும் உரிமை எதற்கு? அந்த வரிகளை அடித்துவிட்டு, வேண்டியதை மட்டும் எழுதச் சொன்னேன்: வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, வாடகை வாங்கி ரசீது கொடுப்பது, பழுது பார்ப்பது, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது.

வழக்கறிஞர் இரண்டு விஷயம் சொன்னார். நான் எங்கே இருந்தாலும், வீடு இருக்கும் இடத்துச் சட்டப்படிதான் பத்திரம் அமைய வேண்டும். அப்புறம், நாளைக்கு அதிகாரத்தை ரத்து செய்தால் தம்பிக்கு மட்டும் சொன்னால் போதாது. குடியிருப்பவருக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரத்தானது தெரியாமல் அவனிடம் வாடகை கொடுத்தவரைப் பிறகு குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 3
நோட்டரி முன் கையெழுத்து, அப்புறம் அப்போஸ்டில், அதாவது பத்திரம் வேறு நாட்டில் செல்லுபடியாக இங்கே வாங்கும் அரசுச் சான்று. 1961 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால் தூதரகம் போகும் வேலை மிச்சம். கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதற்குத்தான் அந்தச் சான்று. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் கையெழுத்திடும் முன் வரிவரியாக இன்னொரு முறை படித்தேன்.

பிப்ரவரி 9
இன்று முழுக்கப் பணப் பேச்சு. வாடகை நேரே என் கணக்குக்கு வரும். பழுதுச் செலவுக்கு ஒரு தொகை தம்பியிடம் இருக்கும். குடியிருப்பவர் கொடுத்த முன்பணம் தனிக் கணக்கில். அதில் யாரும் கை வைக்கக் கூடாது, நானும்தான். அரை மாத வாடகைக்குள் அடங்கும் செலவு என்றால் அவனே முடிவு செய்யலாம், மேலே போனால் என்னிடம் கேட்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், கேஸ் ஆபத்துக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. அவனுக்குப் பகல் என்றால் எனக்கு நள்ளிரவு. நான் எழுந்திருக்கும் வரை தண்ணீர் காத்திருக்குமா?

பிப்ரவரி 17
தம்பி வீடியோவில் வீடு முழுக்கக் காட்டினான். மீட்டர் அளவு, ஜன்னல் கொக்கி, குளியலறை ஓடு என்று ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்தோம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவரைத் தொடும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை. இனி அவனே பொறுப்பு என்று குடியிருப்பவருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று.

மார்ச் 2
காலையில் எழுந்தால் போனில் மூன்று படங்கள்: உடைந்த பழைய குழாய் இணைப்பு, புதியது, பில். “மத்தியானம் ஒழுக ஆரம்பிச்சிருச்சு, ஆளைக் கூப்பிட்டு மாத்திட்டேன்ணா. வரம்புக்குள்ளதான்.” எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அடுத்து வரி. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வாடகை தருபவரோ நிர்வகிப்பவரோ வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி இந்தியா, பிரிட்டன், கனடா என்று பல நாடுகளில் உண்டு. கனடாவில் அது மொத்த வாடகையில் 25 சதவீதம். எங்கள் விஷயத்தில் யார் பிடிப்பது, எவ்வளவு என்று ஆடிட்டரிடம் இந்த வாரமே எழுதி வாங்க வேண்டும்.