அக்காவின் உடம்புக்கு யார் கையெழுத்து?

போன வருடம் குறுவை நடவு நேரத்தில் என் பெரியம்மா மகளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஏற்கனவே இரண்டு பிள்ளைகள், மாமா லீவு முடிந்து அப்போதுதான் சிங்கப்பூர் திரும்பியிருந்தார். கருவைக் கலைக்க மன்னார்குடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா ஒன்றுமே பேசவில்லை, கால் நகத்தில் காய்ந்திருந்த வயல் சேற்றைச் சுரண்டிக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

அப்படி ஒரு கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. 1971-ஆம் வருடக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, 18 வயது முடிந்து மனநலத்தோடு இருக்கும் பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் சரி. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அக்காவுக்கு அப்புறம் தஞ்சாவூரில் முடிந்தது, ஆனால் வீணாய்ப் போனது பத்து நாள், அந்தப் பத்து நாளும் அவள் குனிந்து நாற்று நட்டாள்.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே கதைதான், பாரமெல்லாம் பெண்ணின் உடம்பு மேல்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கல்யாணமான தம்பதிகளில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3. ஆண்களுக்கு அது வயிற்றைத் திறக்காத சின்ன ஆபரேஷன், அன்றே வீடு திரும்பலாம். இதை மாமாவிடம் போனில் சொன்னேன், அடுத்த லீவில் வந்து செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.