சத்தம் இல்லாமல் பார்த்த ஆட்டம்

பெப்ரவரி 3, வெள்ளி

தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்தது, அம்மா பத்து நாள் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். வரும் வழியில் கோடு போட்ட கொப்பி ஒன்றும் நீலப் பேனா இரண்டும் வாங்கினேன். கொப்பியில் அம்மா எழுதிய முதல் வரி: "தேத்தண்ணிக்குச் சீனி காணாது."

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர்.

மாடிப்படி வேண்டாம் என்று முன்னறைச் செற்றியிலேயே படுக்கை. நான் கீழே மெத்தை போட்டுப் படுத்திருக்கிறேன். இப்போது இரவு ஒன்றே முக்கால். போனின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ‘ரெடி ஸ்டெடி கோ’ என்ற அறுபதுகளின் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்கிறேன். வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. கறுப்பு வெள்ளையில் லண்டன் பெடியளும் பெட்டையளும் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். சத்தமே இல்லாத ஆட்டத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கவில்லை.

பெப்ரவரி 4, சனி

அண்ணா டொரொண்டோவிலிருந்து மூன்று தரம் எடுத்தார். மூன்று தரமும் ஒரே கேள்வி. மூன்று தரமும் ஒரே பதில்.

பெப்ரவரி 6, திங்கள்

நேற்றிரவு அம்மா விழித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து தோளைத் தட்டி, போனைத் தா என்று கையை நீட்டினார். 1964ஆம் வருடத்துத் துண்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்தார்.

"இவன் பாடேல்லை."

எப்படித் தெரியும் என்று கேட்டேன், சத்தம்கூட இல்லையே.

"மூச்சு எடுக்கிற இடம் ஒண்டையும் காணேல்லை. வரி முடியுது, நெஞ்சு அசையேல்லை. கழுத்தும் இறுகேல்லை."

சரிதான். 1963 ஓகஸ்ட் 9ஆம் தேதி தொடங்கிய நிகழ்ச்சி. முதல் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் இசைத்தட்டுத்தான் பாடியது, பாடகர்கள் வாயை அசைத்தார்கள். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியில் அதுவே வழக்கம். கடையில் வாங்கும் தட்டின் அதே ஓசை வீட்டிலும் கேட்க வேண்டும் என்று நினைத்தார்கள். சின்ன ஸ்டுடியோ ஒன்றில் டிரம்ஸ், கிட்டார், கூட்டத்தின் கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குரலைத் தனியாகப் பிடிப்பது பெரும்பாடு. 1965 ஏப்ரலில்தான் வாயசைப்பை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் பெயரைக்கூட ‘ரெடி ஸ்டெடி கோஸ் லைவ்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். நேரடியாகப் பாடுகிறோம் என்பதை அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடித்திருக்கிறது.

அப்புறம் அதுவே எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் ஒவ்வொரு துண்டாகக் காட்டினேன். அம்மா பெருவிரலை மேலே காட்டினால் குரல், கீழே காட்டினால் தட்டு. பன்னிரண்டில் பதினொன்று சரி. நாலு மணிக்குத்தான் விளக்கை அணைத்தோம்.

பெப்ரவரி 8, புதன்

மருந்துக் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் வெம்ப்ளி பார்க் டிரைவ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

1965இல் நிகழ்ச்சி இங்கேதான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். 1960இல் திறந்த ஐந்தாம் இலக்க ஸ்டுடியோ, 14,000 சதுர அடி. நடுவில் ஒலி புகாத பெரிய கதவுகள், மூடினால் ஒரு ஸ்டுடியோ இரண்டாகிவிடும். கடைசியில் ஃபௌண்டன் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் இருந்து 2016 முடிவில் மூடினார்கள். 2019இல் அதை நாடக அரங்கமாக்கினார்கள். இத்தனை வருடம் தேங்காயும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. இன்று மதில் ஓரமாக நின்றேன். அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் இந்தக் கட்டடத்துக்குள்தான் பாடினார்.

அம்மாவுக்குச் சொன்னபோது "தூரமோ?" என்று எழுதினார். சுகம் வந்ததும் நடந்தே போகலாம் என்றேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

பெப்ரவரி 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை மாலைதான் அவர்களுடைய நேரம். ‘வார இறுதி இங்கே தொடங்குகிறது’ என்பது அவர்களின் வாசகம். பள்ளிக்கூடம், கந்தோர், தொழிற்சாலை எல்லாம் விட்டு வந்த பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போவார்கள்.

வெம்ப்ளிக்கு வரும் முன் கிங்ஸ்வே தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் நடந்தது. சின்ன இடம். ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் நடுவில் மேடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஆள் உயரமுள்ள கேமராவைச் சில்லில் உருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே வருவார்கள், பிள்ளைகள் ஆட்டத்தை விடாமல் விலகி வழிவிடுவார்கள். ஒரு கேமரா மற்றக் கேமராவின் படத்துக்குள் விழும். அதை மறைக்க யாரும் முயலவில்லை. ஆடுகிறவர்களையும் சும்மா உள்ளே விடவில்லை, நடனக் கிளப்புகளுக்குப் போய் ஆடத் தெரிந்தவர்களாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். அந்தக் கிழமை கிளப்பில் பிறந்த புது அடவு வெள்ளிக்கிழமை இங்கிலாந்து முழுக்கத் தெரிந்துவிடும். கேத்தி மெக்கோவன் என்ற பெட்டை ஒரு விளம்பரத்தைப் பார்த்து வந்து, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவரானார். நெற்றியை மூடிய முடி, பேச்சில் தடுமாற்றம். தடுமாறினால் தடுமாறினதுதான், திருத்தவில்லை. ஊர்ப் பெட்டையளெல்லாம் அந்த முடியை அப்படியே வெட்டிக்கொண்டார்கள்.

நான் பார்ப்பது பாடுகிறவர்களை அல்ல. ஓரத்தில் ஒருத்தி இருக்கிறாள், கட்டம் போட்ட சட்டை. கேமரா தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்த நொடியில் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு தனக்காக மட்டும் ஆடுகிறாள். நாலு செக்கன்கூட இருக்காது. இருபது தரம் பார்த்திருப்பேன்.

பெப்ரவரி 11, சனி

ஆஸ்பத்திரிக் கடிதம் இன்னும் இல்லை.

பெப்ரவரி 13, திங்கள்

டொக்டர் பார்த்தார். இனி ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடம் பேசலாம், மெதுவாக, தொண்டையை இறுக்காமல். அம்மா தலையாட்டினார். பஸ்ஸில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

"மச்சாளுக்கு போன் எடுக்க வேண்டாம். நான் இன்னும் கதைக்கேல்லை எண்டு சொல்லு."

பயப்படுகிறீர்களா அம்மா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பெப்ரவரி 16, வியாழன்

1963 ஒக்டோபர் 4, பீட்டில்ஸ் வந்த நாள். அன்று ஒரு வாயசைப்புப் போட்டியும் நடந்தது. நாலு பெட்டையள் வரிசையாக நின்று பிரெண்டா லீயின் தட்டு ஒன்றுக்கு வாயசைக்க, நடுவர் பால் மெக்கார்ட்னி. ஒருத்தியைத் தெரிந்தெடுத்துப் பரிசு கொடுக்கிறார்.

1967இல் பதினேழு வயதுப் பெட்டை ஒருத்தி வீட்டை விட்டு ஓடிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு மெக்கார்ட்னி ஒரு பாட்டு எழுதினார். அவள்தான் இவள். தன் கையால் பரிசு வாங்கிய பிள்ளை என்று எழுதும்போது அவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டில் விட்டுப் போகிறவள் மட்டும் இல்லை, விடியற்காலையில் எழும்பிப் பார்க்கிற தாய் தகப்பனின் பேச்சும் வருகிறது. அதை லெனன் எழுதினார்.

இதை அம்மாவிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 1999இல் நான் கட்டுநாயக்காவில் உள்ளே போனபோது அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயை மட்டும் அசைத்தார். என்ன சொன்னார் என்று இத்தனை வருடமும் நான் கேட்கவில்லை. இன்று கேட்டேன்.

"கோட்டைப் போட்டுக்கொள் எண்டு."

பெப்ரவரி 19, ஞாயிறு

மூன்று வருடம் நாலு மாதம் நடந்த நிகழ்ச்சி, கிழமைக்கு ஒன்று. மிச்சம் இருப்பவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் அழித்துவிட்டார்கள். இரண்டு அங்குல அகல வீடியோ நாடா அப்போது பெரிய விலை. பழையதை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிந்தார்கள். பதியாமலே போனவையும் உண்டு. நிகழ்ச்சியை நடத்திய நிறுவனமும் 1968இல் தன் ஒளிபரப்பு அனுமதியை இழந்தது. எண்பதுகளில் டேவ் கிளார்க், அதே நிகழ்ச்சியில் பாடிய ஆள், தேடி மிஞ்சியவற்றை வாங்கிக்கொண்டதால்தான் இந்தச் சத்தமில்லாத இரவுகள் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

எனக்குக் கோபம் வருகிறது. நாடாவுக்குத் தட்டுப்பாடு, சரி, புரிகிறது. ஆனால் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதன்முதலில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தோன்றியது அங்கேதான், 1966 டிசெம்பரில். அதைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, 23ஆம் தேதி, நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. எத்தனை பெட்டையள் தங்களுக்காக மட்டும் நாலு செக்கன் ஆடியிருப்பார்கள்.

அம்மாவின் கச்சேரி ஒன்றுகூட என்னிடம் பதிவில் இல்லை. பள்ளிக்கூட நவராத்திரி, கோவில் திருவிழா, கலியாண வீடு, ஒன்றும் இல்லை. போனில் ஒரு குரல் செய்தி இருக்கிறது. போன வருடத்தது. "பிள்ளை, வரேக்க கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வா." பதினொரு செக்கன். மூன்று இடத்தில் சேமித்து வைத்தேன்.

பெப்ரவரி 21, செவ்வாய்

கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே தலையாட்டுகிறார்.

பெப்ரவரி 24, வெள்ளி

இன்று முதன்முதலாகச் சத்தம் வைத்தோம்.

மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடகர்கள் வந்த சிறப்பு நிகழ்ச்சி. 1965 மார்ச் 18இல் பதிந்து ஏப்ரல் 28இல் காட்டினார்கள். டெட்ரோயிட்டிலிருந்து குழுக்கள் இங்கிலாந்தைச் சுற்றிப் பாட வந்திருந்த நேரம், பிறகு பல ஊர்களில் அரங்கம் நிறையவில்லை. ஆங்கிலேயப் பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் முன்னின்று அவர்கள் எல்லோரையும் ஒரே இரவில் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்மோக்கி ராபின்சன், சின்னப் பெடியனாக ஸ்டீவி வொண்டர். மார்த்தா ரீவ்ஸோடு டஸ்டி சேர்ந்து பாடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அது தொகுத்து வழங்குகிறவரின் முகம் இல்லை, பாட்டுக்குள்ளே நிற்கிறவரின் முகம்.

சுப்ரீம்ஸ் மூவரும் உள்ளங்கையை முன்னே நீட்டி நிறுத்து என்று காட்டும் அந்த அசைவை, ஸ்டுடியோவின் ஆண்கள் கழிவறைக்குள் வைத்து டெம்ப்டேஷன்ஸ்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அம்மா செற்றியில் இருந்தபடியே கையை நீட்டிப் பார்த்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி இருந்த இடத்தில் இன்னும் சிவப்பு.

டஸ்டி பேசத் தொடங்கியதும் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். வேகமாக எழுதினார், எழுத்துக் கோட்டை விட்டு வெளியே போனது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரேடியோ. ரேடியோ சிலோன் இங்கிலீசுச் சேவை. ஐயாவுக்குப் பிடிக்காது. நான் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிற சாட்டில நிண்டு கேப்பன். முகம் இப்பத்தான் பாக்கிறன்."

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். பதின்மூன்று வயதில் கிணற்றடியில் நின்று கேட்ட குரலுக்கு எழுபத்திரண்டு வயதில் முகம் கிடைத்திருக்கிறது. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஆறு தரம் போட்டேன்.

மார்ச் 1, புதன்

ஆஸ்பத்திரிக்கு நானே போன் எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். முடிவு இன்னும் வரவில்லையாம்.

மார்ச் 3, வெள்ளி

இத்தனை நாளும் ஓட்டிஸ் ரெடிங் நிகழ்ச்சியை நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. இன்று காட்டினேன்.

1966 செப்டெம்பர் 16. இருபத்தைந்து வயது முடிந்து ஒரு கிழமை. முழு நிகழ்ச்சியும் அவருக்கே. கடைசியில் எரிக் பர்டனும் கிறிஸ் ஃபார்லோவும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு நிமிடத்திலேயே முகம் வேர்த்துவிடுகிறது. கழுத்து நரம்பு ஒவ்வொரு வரிக்கும் எழும்புகிறது, வரி முடிய அமுங்குகிறது, அடுத்ததற்கு முன் தோள் இரண்டும் உயர்ந்து மூச்சு உள்ளே போகிறது. எல்லாம் தெரிகிறது. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அந்தக் கழுத்தை மட்டுமே பார்த்தார்.

"இப்பிடிப் பாடினால் தொண்டை போயிடும்." கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே: "எண்டாலும் பாடட்டும்."

போனதுதான் அம்மா என்றேன். அடுத்த வருடம் அவருக்கும் தொண்டையில் கட்டி, அறுவைச் சிகிச்சை. கிழமைக்கணக்கில் பாடக்கூடாது, பேசவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், முன்பு பாடாத மாதிரி அமைதியாக ஒரு பாட்டுப் பாடினார். அவர் பாடியதிலேயே முதலிடத்துக்குப் போன பாட்டு அதுதான்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மூன்று கிழமையாக இதைச் சொல்லத்தான் காத்திருந்திருக்கிறேன். இதில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல்தான் சொல்லாமலும் இருந்திருக்கிறேன்.

"இப்ப இருக்கிறாரோ?"

போனைச் சார்ஜில் போட வேண்டும் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். 1967 டிசெம்பர் 10, விமானம் ஏரிக்குள் விழுந்தது. அந்தப் பாட்டுப் பதிந்து கொஞ்ச நாள்தான். தட்டு வெளிவந்தபோது அவர் இல்லை.

மார்ச் 5, ஞாயிறு

விடிய ஐந்தரை. குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம், அதோடு இன்னொன்று. கதவடியில் போய் நின்றேன். நின்றுவிட்டது.

மார்ச் 6, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக் காலை ஒன்பது இருபதுக்கு வரச் சொன்னார்கள். கூட யாராவது வருவார்களா என்றும் கேட்டார்கள். அம்மா புதுக் கொப்பி கேட்கிறார், பழையதில் இரண்டு பக்கம்தான் மிச்சமாம். கடை எட்டு மணிக்குப் பூட்டிவிடும், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.