காந்தம் நகர்ந்தால்தான் மின்சாரம்: சுருள் சுற்றிப் பார்த்தது

சுருள் தயார். ஒரு சாண் நீள பிவிசி குழாய், அதன் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரம் சுற்று. மோட்டார் வைண்டிங் கடையில் கம்பியை எடை போட்டுத் தருவார்கள். முனைகளை உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். எனாமல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இணைப்பு கிடைக்காது.

முதலில் சுருளோடு இணைத்தது கால்வனாமீட்டர், சிறு மின்னோட்டத்தையும் அதன் திசையையும் முள்ளால் காட்டும் கருவி, நடுவில் பூஜ்ஜியம் உள்ளது. முள் ஓரத்தில் போய் முட்டாமலிருக்க ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்தேன். நியோடிமியம் காந்தத்தை உள்ளே தள்ளினால் முள் ஒரு பக்கம் வெட்டுகிறது, வெளியே இழுத்தால் மறுபக்கம். உள்ளேயே வைத்திருந்தால் அசைவதே இல்லை. 1820இல் டேனிஷ் விஞ்ஞானி ஊர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புவதைக் காட்டினார். காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1831 வரை ஆயிற்று. அந்த அக்டோபரில் ஃபாரடே சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் செருகியபோதும் முள் இப்படித்தான் ஆடியது. காந்தம் சும்மா கிடந்தால் பயனில்லை, சுருளுக்குள் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பாடத்தில் சூத்திரத்துக்கு முன்பே இந்த முள்ளாட்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் மீட்டருக்குப் பதிலாகச் சிவப்பு, பச்சை எல்இடி இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைத்தேன். எல்இடி ஒரு திசை மின்சாரத்துக்கு மட்டுமே எரியும். குழாயின் இரு வாயிலும் பஞ்சு அடைப்பு, நியோடிமியம் எளிதில் உடையும். வேகமாகக் குலுக்கினால் காந்தம் நுழையும்போது ஒரு நிறம், வெளியேறும்போது மற்றது. மெதுவாகச் சாய்த்தால் இரண்டுமே எரியாது. சிவப்புக்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும், வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறைந்துவிடும்.

என்னை அதிகம் கட்டிப்போட்டது ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செப்புக் குழாய்த் துண்டு. செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் அதே காந்தத்தை உள்ளே போட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால், எண்ணெய்க்குள் இறங்குவதுபோல நிதானமாகப் போகிறது. காந்தம் விழ விழக் குழாய்ச் சுவரில் வளைய மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் விழுவதையே எதிர்த்து நிற்கிறது. 1834இல் இயற்பியலாளர் ஹைன்ரிக் லென்ஸ் சொன்ன விதி கண்ணெதிரே நடக்கிறது. காந்தம் விழும்போது இழக்கும் ஆற்றல் செம்பில் வெப்பமாகப் போய்ச் சேர்கிறது.

சரி, அடுத்த வேலை: மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு நான்கு போட்டு, இரு திசை மின்சாரத்தையும் ஒரே திசையாக்கி, மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு கெப்பாசிட்டரில் சேர்ப்பது. சாதாரண சிலிக்கான் டையோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால் அதைவிடக் குறைவாக விழுங்கும் ஷாட்கி டையோடு வாங்கி வைத்திருக்கிறேன்.