மழைக்கால டெல்டாவில் மியூசிக் ப்ளேயருக்கு உறையும் இயர்போனும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. டப்பாவில் வைத்த அப்பளம் நமுத்துப் போகும், பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். அதே காற்றில்தான் மியூசிக் ப்ளேயரும் அதன் உறையும் இயர்போனும் இருக்கின்றன. உறை என்றதும் எல்லோரும் கீறலையும் கீழே விழுவதையும்தான் யோசிக்கிறார்கள். நம் பக்கத்தில் ப்ளேயரைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். அதனால் உறை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே போன ஈரம் எந்த வழியாக வெளியே வரும்?

ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாட் வரிசையை முடித்துக்கொண்டது. இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் சோனி வாக்மேன், ஃபியோ, ஹைபி, ஷான்லிங் என்று போகிறார்கள். பழைய ஐபாடைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் நிறைய. எதுவானாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

உறையில் அதிகம் ஏமாற்றுவது தோல் மாதிரி இருக்கும் உறைதான். கடையில் லெதர் என்று சொல்லித் தருவதில் பெரும்பகுதி துணி மேல் பாலியூரிதேன் பூசியது. ஈரப்பதம் அந்தப் பூச்சை மெதுவாகச் சிதைக்கும். முதலில் மடிப்பில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உரியும், ஏனென்றால் வேலையைச் செய்வது காற்றிலுள்ள நீர்தான், கைபட்ட தேய்மானம் இல்லை. அசல் தோல் உரியாது, ஆனால் பூஞ்சை பிடிக்கும். அசல் தோல்தான் வேண்டும் என்றால் மழை மாதங்களில் வாரம் ஒருமுறை ப்ளேயரை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம் விடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

சிலிக்கான் உறை தண்ணீருக்கு அஞ்சாது, விலையும் குறைவு. குறை என்னவென்றால், அது ப்ளேயரின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் வைத்து வேர்வை பட்ட ப்ளேயரிலிருந்து சிலிக்கான் உறையை உரித்துப் பாருங்கள். முதுகுப் பக்க உலோகத்தில் மெல்லிய நீர்ப்படலமும், ஓரத்தைச் சுற்றி உறையின் கோடு பிடித்த மாதிரி அழுக்கும் தெரியும். பட்டன் ஓரத்தில் பஞ்சு சேர்ந்திருக்கும். அந்த ஈரம் போக வழியில்லாமல் பட்டன் இடுக்கிலும் கார்டு துளையிலும்தான் இறங்கும். நாள்பட்டால் வாய் தளர்ந்து ப்ளேயர் வழுக்கி வெளியே வரவும் செய்யும்.

நான் சிபாரிசு செய்வது டி.பி.யூ. உறை. சற்று விறைப்பான, வளையும் பிளாஸ்டிக். வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகும். அது பார்வைக்குத்தான் குறை. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். திரையின் மட்டத்துக்கு மேல் உறையின் விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும், அப்போதுதான் கவிழ்ந்து விழுந்தால் கண்ணாடி தரையைத் தொடாது. அடிப்பக்கம் இயர்போன் செருகும் ஜாக்கும் சார்ஜ் துளையும் இருக்கும் இடம் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும். உள்பக்கம் வழவழவென்று இல்லாமல் சிறு புள்ளிகள் இருந்தால் நல்லது, உறைக்கும் உலோகத்துக்கும் நடுவே காற்று போகும்.

ஜாக் துளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நல்ல இயர்போனைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. 3.5 மி.மீ. என்பது பின்னின் விட்டம் மட்டும். அதைப் பிடித்திருக்கும் பிளக்கின் உடம்பு ஐந்து, ஆறு மில்லிமீட்டரிலிருந்து எட்டுக்கு மேலும் இருக்கும். உறையின் துளை அதைவிடச் சிறியதாக இருந்தால் பிளக் முழுதாக உட்காராது, ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அப்போது என்ன கேட்கும் தெரியுமா? பாடுகிறவரின் குரல் காணாமல் போய்விடும். வயலினும் கைதட்டலும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். காரணம், பிளக்கின் அடிவளையம்தான் இரண்டு காதுக்கும் பொதுவான தரை இணைப்பு. அது தொடாதபோது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஸ்பீக்கர்களில் ஓடுகிறது. குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் கழிந்து போகிறது. குரல் மறைந்தால் முதலில் உறையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் துளையைப் பிளேடால் அகலப்படுத்தினால் போதும்.

திரை மேல் ஒட்டும் ஃபிலிம் விஷயம் சுலபம். உங்கள் மாடலுக்கு டெம்பர் கிளாஸ் கிடைக்காவிட்டால், செல் கடைகளில் மெஷினில் வெட்டும் படலத்தை அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். திரையின் நீள அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உறையின் விளிம்பு படலத்தைத் தூக்கிவிடும்.

இனி இயர்போன். உறையில் அடைப்பு கூடாது என்றால், காதில் அடைப்பு கட்டாயம் வேண்டும். காதுக்குள் நுழையும் வகை இயர்போனில் கீழ்சுரம் முழுவதும் அந்தச் சிறு ரப்பர் முனையை நம்பித்தான் இருக்கிறது. ரப்பருக்கும் காதுத் தோலுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருந்தாலும் கீழ்சுரம் ஒழுகிவிடும். இரண்டாயிரம் ரூபாய் இயர்போன் இருநூறு ரூபாய் இயர்போன் மாதிரி கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி இல்லை. தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு, தொப்பியில், அதாவது கீழ்சுரம் தரும் இடப்பக்க முகத்தில், கையை அழுத்தி இழுக்கும் கும்கியை மட்டும் கவனியுங்கள். இழுப்பு முழுதும் உருண்டையாகக் கேட்டால் அடைப்பு சரி. ‘டப்’ என்ற தட்டு மட்டும் கேட்டு இழுப்பு இல்லையென்றால் காற்று ஒழுகுகிறது. விரலால் இயர்போனை லேசாக உள்ளே அழுத்துங்கள். கும்கி திரும்பி வந்தால் ஒரு அளவு பெரிய ரப்பர் போட வேண்டும் என்று அர்த்தம்.

பெட்டியோடு வழக்கமாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். நடுத்தரத்தைப் போட்டுக்கொண்டு மற்றதை அப்படியே வைத்துவிடுகிறோம். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இடதுக்கு நடுத்தரமும் வலதுக்குப் பெரியதும் போடுவதில் தவறே இல்லை. போடும்போது எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, மெல்லத் திருகி உள்ளே விடுங்கள். அப்போது காதுக் குழாய் நேராகும், ரப்பர் மடங்காமல் உட்காரும். உள்ளே போகும்போது ‘நொறுக்’ என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். அடைபட்ட காற்று ஸ்பீக்கர் சவ்வை அமுக்கும் ஒலி அது. மெதுவாகப் போட்டால் குறையும்.

ஃபோம் முனை நன்றாக அடைக்கும், பேருந்து இரைச்சலை ரப்பரைவிட நன்றாக மறைக்கும். விரலால் உருட்டிச் சுருக்கி, உள்ளே விட்டு, விரியும்வரை இருபது விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது வேர்வையைக் குடிக்கும் பஞ்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில் தினமும் போட்டால் சீக்கிரமே விரியும் குணம் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி மாற்றக் கையில் காசு இருந்தால் மட்டும் ஃபோம் வாங்குங்கள்.

நாகஸ்வரம் அதிகம் கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரை மனிதக் காதுக்கு உணர்ச்சி மிக அதிகம். சீவாளி வாத்தியத்தின் மேல்சுரங்கள் அங்கேதான் வலுவாக விழுகின்றன. மலிவான இயர்போன்கள் பலவும் ‘தெளிவு’ காட்டுவதற்காக அதே பகுதியைத் தூக்கி வைத்திருக்கும். சினிமாப் பாட்டில் பிரகாசமாகக் கேட்கும் அது, நாகஸ்வரத்தில் காதைக் கிழிக்கும். கடையில் சோதிக்கும்போது உங்கள் மெமரி கார்டிலேயே ஒரு மல்லாரியைக் கொண்டுபோங்கள். பத்து நிமிடம் கேட்டும் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகவில்லை என்றால் அந்த இயர்போன் சரி. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் ப்ளேயரின் ஈக்வலைசரில் மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு, மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்குப் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் உதவும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துப் பதிவுகள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. அப்படியானால் நாகஸ்வரம் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், இயர்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் சேர்ந்து மாறினால் இயர்போனிலோ ப்ளேயரிலோ கோளாறு, பெரும்பாலும் இயர்போன் வாயிலுள்ள வலையில் அடைத்த காதழுக்கு. மாறாமல் அதே பக்கம் இருந்தால் கோளாறு உங்கள் காதிலோ அந்தக் காதின் அடைப்பிலோ இருக்கிறது.

வலையைச் சுத்தம் செய்ய ரப்பரைக் கழற்றி, வாய் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். அழுக்கு தானாகக் கீழே விழ வேண்டும். ஊக்கால் குத்தினால் வலை உள்ளே போய்விடும். கழற்றிய ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, இரவு முழுதும் உலரவிட்டுப் போடுங்கள். நெடுநேரம் கேட்டதும் ஒரு பக்கம் மெலிந்து, கழற்றி வைத்தால் அரைமணியில் திரும்பி வருகிறதா? வலையில் வேர்வை ஆவி படிந்திருக்கிறது, இயர்போன் கெடவில்லை.

எண்களில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மின்தடை 16 முதல் 32 ஓம், நூறு டெசிபலுக்கு மேல் உணர்திறன் இருந்தால் சின்ன ப்ளேயரே தாராளமாக ஓட்டும். 250, 300 ஓம் ஹெட்போன் இதற்கு வேண்டாம். 4.4 மி.மீ. பிளக் வைத்த ஒயர், அந்தத் துளை இருக்கும் ப்ளேயரில் மட்டும்தான் வேலை செய்யும்.

ஒயர் கழற்றி மாற்றும்படி இருப்பதை வாங்குங்கள், ஏனென்றால் முதலில் போவது எப்போதும் ஒயர்தான். இரண்டு வகை இணைப்பு உண்டு: 0.78 மி.மீ. இரட்டைப் பின், சுழலும் எம்.எம்.சி.எக்ஸ். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு நான் இரட்டைப் பின்னைத்தான் சொல்வேன். உப்புக்காற்றில் சுழலும் இணைப்பின் உள்வளையம் கறுத்துவிட்டால் திருகும்போதெல்லாம் கரகரக்கும். இரட்டைப் பின்னில் கவனிக்க வேண்டியது திசை. ஒரு பக்கம் மட்டும் திருப்பிச் செருகிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளும், கும்கி நடுவில் நிற்காமல் சிதறிக் கேட்கும். கண்ணாடி போன்ற ஒயருக்குள் செம்புக் கம்பி பச்சையாவது வேறு விஷயம். பார்க்க அசிங்கம், ஒலிக்கு உடனே ஒன்றும் ஆகாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் காதுக்குப் பின்னால் ஒயர் மாட்டாதீர்கள். எண்ணெய் ஊறிய ஒயர் நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

பேருந்தில் ஏர்ஹாரனை மீறிக் கேட்க வால்யூமைக் கூட்டுவது பெரிய தவறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் கேட்டால் வாரம் முழுதுக்கும் ஐந்து மணி நேரம்தான். கும்பகோணம், தஞ்சாவூர் என்று தினமும் போய்வருகிறவருக்கு அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். ரப்பர் சரியாக அடைத்தால் வால்யூம் தானாகக் குறையும். வண்டி ஓட்டும்போது மட்டும் எதுவுமே வேண்டாம்.

உலர வைக்கும் ஏற்பாடுதான் நம் ஊருக்கு மிக முக்கியமான துணைச்சாமான், விலையோ மிகக் குறைவு. இறுக்கமான மூடி உள்ள ஒரு லிட்டர் டப்பா, அதில் துணிப்பையில் கட்டிய ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 20 கிராம். இரவில் உறையைக் கழற்றிவிட்டு, ப்ளேயரையும் இயர்போனையும் உள்ளே வையுங்கள். ஆரஞ்சு பச்சையாக மாறினால் நீரைக் குடித்துவிட்டது. 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அடுப்பில் என்றால் சமையலுக்குப் பயன்படாத சட்டியில், மெல்லிய தணலில், கிளறிக்கொண்டே. நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவு இழுக்காது, அதன் மாவுத்தூள் ஜாக்குக்குள் போய்க் கட்டிக்கொள்ளும்.

ஜாக் கரகரத்தால் ப்ளேயரை அணைத்துவிட்டு, பல்லிடுக்கு பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, உள்ளே நாலைந்து முறை சுழற்றி எடுங்கள். பத்து நிமிடம் காயவிடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், அதைத் தொடவே வேண்டாம்.

சார்ஜரில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. சி முனை (யு.எஸ்.பி. சி) உள்ள மலிவு ப்ளேயர்கள் சில, இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. ப்ளேயருக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிட்டிருப்பார்கள். சார்ஜருக்கு எதிரே ஒரு கருவி இருப்பதே தெரியாது. பழைய செவ்வக முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளைப் போட்டால் ஏறும். ப்ளேயர் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இதைச் செய்துபாருங்கள்.

மெமரி கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலிக் கார்டு 128 ஜி.பி. என்று காட்டும், உள்ளே எட்டு இருக்கும், மீதிப் பாட்டு பாதியில் நிற்கும். 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்.பி. பிடிக்கும். 64 ஜி.பி. கார்டில் நானூறு மணி நேரத்துக்கு மேல் கச்சேரி அடங்கும். ஆனால் 64-லிருந்து மேலே உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபாட் (exFAT) என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும். அதைப் படிக்காத ப்ளேயர்கள் உண்டு, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மறுபடி உறை. சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியிலோ டேங்க் கவரிலோ ப்ளேயரை விட்டுவிட்டால் பேட்டரி உப்பத் தொடங்கும். கெட்டி உறை அதை மறைத்துவிடும். நேற்றுவரை சுலபமாகக் கழன்ற உறை திடீரென்று இறுக்கினாலோ, திரையின் ஒரு ஓரம் விளிம்பைவிட்டு எழும்பினாலோ, அழுத்தி உட்கார வைக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உறையைக் கழற்றி, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி மேசை மேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள். முதுகு உப்பியிருந்தால் ப்ளேயர் தட்டையாகப் படியாமல் ஆடும்.