ஏழாம் கலம்

டிசம்பர் 5, 2023, செவ்வாய்

மழை நின்றுவிட்டது, மின்சாரம் இன்னும் வரவில்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது என்று வடசென்னையின் எண்ணூர் காட்டுக்குப்பத்துப் பெரியவர் தொலைபேசியில் சொன்னார். எந்தத் தெரு வரைக்கும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோனது.

டிசம்பர் 8, வெள்ளி

இன்றுதான் போக முடிந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கிய எண்ணெய், கொசஸ்தலையாற்றில் கலந்து முகத்துவாரம் வரை படர்ந்திருக்கிறது. வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல் ஒரு கருப்பு வரி ஓடுகிறது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை; சுவரே சொல்கிறது. கட்டில் கால், குளிர்பதனப் பெட்டியின் கதவு, ஆணியில் மாட்டியிருந்த பள்ளிப் பையின் அடிப்பாகம் என்று எல்லாவற்றிலும் அதே உயரத்தில் அதே வரி. வலையைத் தொட்டுப் பார்த்தேன், விரல்கள் ஒட்டிக்கொண்டன. பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, "தேங்காய் எண்ணெய் தடவினால்தான் போகும், மேடம்" என்று சொல்லி, வீட்டுக்குள் இருந்து பாட்டிலை எடுத்து வந்தார். வலை முழுவதும் போய்விட்ட ஒருவர், என் விரல்களுக்காக எண்ணெய் எடுத்து வந்தார்.

அவர் தன் படகிலிருந்த நீண்ட கழியை ஆற்றில் ஊன்றிக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேல்தான் ஆழம். அதே இடத்தில் அவருடைய இளமையில் ஆள் மூழ்கும் தண்ணீர் இருந்ததாம். கழியை வெளியே எடுத்தபோது மேலே கருப்பும் கீழே சாம்பல் நிறமுமாக இரண்டு பட்டைகள் இருந்தன. மேலே இருப்பது இந்த வாரத்து எண்ணெய். கீழே இருப்பது அனல் மின் நிலையச் சாம்பல். சாம்பலைப் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் திட்ட அறிக்கையில் இந்த ஆற்றைப் பற்றிய நான்காம் அத்தியாயம் இன்னும் வரைவாகவே இருக்கிறது.

டிசம்பர் 9, சனி

செருப்பை மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

பாதிப்பு விவரங்களைத் திரட்டுவதற்கான மாதிரிப் படிவம் எங்கள் பிரிவுக்கு வந்தது. முதல் ஆறு கலங்களில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, குடும்ப அட்டை எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். ஏழாம் கலம்: படகுப் பதிவு எண். அதற்குப் பின்வரும் இயந்திரம், வலை, பழுது, மதிப்பு ஆகிய அனைத்தும் ஏழாம் கலத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மட்டுமே நிரப்பக்கூடியவை. கலம் என்ற சொல்லுக்குப் படகு என்றும் ஒரு பொருள் உண்டு என்பது இன்று முழுவதும் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

படகில்லாமல் அந்த ஆற்றில் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்தக் கலத்தில் எழுதுவது?

டிசம்பர் 12, செவ்வாய்

உப்பளத்தை ஒட்டிய இருளர் குடியிருப்புக்குப் போனேன். இவர்கள் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போடுவார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, படகும் இல்லை. இரண்டு கைகளும் பற்களும்தான் தொழிற்கருவிகள். ஆற்றில் எது கலந்தாலும் அது முதலில் தொடுவது இவர்கள் உடம்பைத்தான். ஆனால் எந்த அலுவலகப் பட்டியலிலும் இவர்கள் கடைசியில்கூட வருவதில்லை.

ஓர் அக்கா தன் பறியைக் கொண்டுவந்து காட்டினார். விளிம்பில் அவருடைய பல் பதிந்த தடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெய் இறுகிக் கருப்பாக நின்றது. மண் போட்டுத் தேய்த்திருக்கிறார், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறார். "இப்ப மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்துபோச்சு, எப்படி வாயில வைக்கிறது?" என்று கேட்டார். புதிதாக முடையலாமே என்று கேட்டுவிட்டேன். முடையலாம்தான், ஆனால் ஆறு இன்னும் அப்படியே எண்ணெயோடுதானே இருக்கிறது என்றார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

டிசம்பர் 13, புதன்

முகத்துவாரத்தில் மீனவர்களே வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றுகிறார்கள். பலர் கைகளில் உறை இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே வாளியைத்தான் பார்த்தோம். இடையில் கழிந்த ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் எத்தனை கருத்தரங்குகளில் உட்கார்ந்திருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

கூட்டத்தில் ஏழாம் கலத்தைப் பற்றிப் பேசினேன். படகு எண் என்ற தலைப்பை எடுத்துவிட்டு, "தொழில் செய்யும் முறையும் இடமும்" என்று மாற்ற வேண்டும், ஊர்ப் பெரியவர் இருவரின் சான்றை ஆவணமாக ஏற்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவும் கொடுத்தேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார். அதை இங்கே எழுதி வைப்பதுதான் நியாயம். பதிவு எண் இல்லையென்றால் ஒரே குடும்பம் இரண்டு முறை வந்துவிடும், தணிக்கையில் கேட்டால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஒருவர் இரண்டு முறை பட்டியலில் வந்துவிட்டால் கேட்பதற்குத் தணிக்கை இருக்கிறது. ஒருவர் ஒருமுறைகூட வராமல் போனால் கேட்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை என்பதை மட்டும் அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இரவு பதினொரு மணிக்கு, சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை முழுமையாக அமைத்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் காலை இதையே குறிப்பாக்கிக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். வாயால் சொல்வது கூட்டம் முடிந்ததும் காற்றில் போய்விடும். கோப்பில் ஏறியதை மறுக்க வேண்டுமானால் யாராவது கையெழுத்திட்டுத்தான் மறுக்க வேண்டும்.

டிசம்பர் 15, வெள்ளி

குறிப்பு சேர்ந்தது. பக்கம் 31.

டிசம்பர் 17, ஞாயிறு

எண்ணெயை அகற்றத் தீர்ப்பாயம் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. மிதவைத் தடுப்புகள், உறிஞ்சும் இயந்திரங்கள், பீப்பாய்கள் எல்லாம் கரையில் இருக்கின்றன; மேல்பரப்பு முன்பைவிடத் தெளிந்திருக்கிறது. அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்களில் அப்படியே கருப்பு. கூழைக்கடா ஒன்று வயிறு முழுவதும் எண்ணெயோடு படகின் முனையில் உட்கார்ந்து, தன் இறகை அலகால் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத அது உள்ளேதான் போகும் என்று வனத்துறை ஊழியர் சொன்னார்.

டிசம்பர் 19, செவ்வாய்

தெற்கே பெரும் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பிரிவில் இருவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். போகத்தான் வேண்டும், அங்கே மனிதர்கள் கூரையில் நிற்கிறார்கள். என் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று இன்று யாரையும் கேட்கவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

நிவாரண அறிவிப்பை மூன்று முறை படித்தேன். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் 8.68 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. பணம் விரைவாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். காட்டுக்குப்பத்துப் பெரியவர் அந்தப் பணத்தில் பாதி வலையாவது வாங்குவார்.

அந்த 6,700-இல் பறி காட்டிய அக்கா இருக்கிறாரா? மாலை வரை நான்கு பேரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் இருப்பார் என்றே சொன்னார்கள். பட்டியலைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தவர் யாருமில்லை.

டிசம்பர் 23, சனி

தூக்கம் வரவில்லை. பக்கம் 31.

டிசம்பர் 24, ஞாயிறு

அலுவலக வண்டி கேட்கவில்லை, பேருந்தில் போனேன். குடியிருப்பில் வீடு வீடாக உட்கார்ந்து என் சொந்த நோட்டில் எழுதினேன். முதலில் பெயர். அடுத்து, எந்த இடத்தில் தடவுகிறார்கள், எத்தனை ஆண்டுகளாக. இடத்துக்கு அவர்கள் சொன்ன பெயர்கள் எவையும் எங்கள் வரைபடத்தில் இல்லை. அங்கே வெறும் நீலமாக இருக்கும் பரப்பில், இவர்களுக்கு ஒவ்வொரு திருப்பத்துக்கும், ஒவ்வொரு மேட்டுக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் இருக்கிறது. ஒரு சிறுவன் என் நோட்டை வாங்கி ஆற்றை வரைந்து, தன் பாட்டி சொல்லச் சொல்லப் பெயர்களைக் குறித்துக் கொடுத்தான். நான்கு பக்கங்கள் நிறைந்தன. அந்தப் படம் எங்கள் வரைபடத்தைவிடத் துல்லியமானது என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதப்போகிறேன். யார் அந்த வரியை அடித்தாலும் மறுபடி எழுதுவேன்.

அக்கா புதுப் பறி ஒன்று முடைந்து முடித்திருக்கிறார். விளிம்பில் இன்னும் பல் தடம் இல்லை.

டிசம்பர் 26, செவ்வாய்

ஆழிப்பேரலையின் 19-ஆம் நினைவு நாள். குப்பங்களில் காலையில் கடலில் பால் ஊற்றினார்கள். நான்கு பக்கங்களையும் தட்டச்சு செய்து, சிறுவனின் படத்தோடு இணைப்பாக வைத்து, கோப்பை மேலே அனுப்பிவிட்டேன். இன்றாவது தூங்குவேன்.

டிசம்பர் 27, புதன்

தூங்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு பெரியவர் அழைத்தார். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, பெரியகுப்பத்துக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வருகிறார்கள், என்ன வாயு என்று யாரும் சொல்லவில்லை என்றார். பின்னணியில் குழந்தைகள் இருமுவது கேட்டது. ஈரத் துணியை மூக்கில் கட்டுங்கள், காற்றுக்குக் குறுக்கே நடங்கள் என்று சொன்னேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவரைத்தான் கேட்டேன்.

அம்மோனியா. கப்பலிலிருந்து கடலுக்கடியில் உர ஆலைக்கு வரும் குழாய். ஆலை வாயில் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்கக்கூடிய அளவு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இருக்கக்கூடிய அளவு 5. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். அந்தக் குழாய் நான்காம் அத்தியாயத்தின் வரைபடத்தில் இருக்கிறது. நான்தான் வரைந்தேன், மெல்லிய புள்ளிக் கோடாக.

டிசம்பர் 28, வியாழன்

பாதிக்கப்பட்டோர் விவரத்துக்குப் புதிய படிவம் வந்திருக்கிறது. முதல் ஆறு கலங்கள் பழையவையே. ஏழாம் கலம்: மருத்துவமனைச் சேர்க்கை எண். அன்றிரவு பெரியவர் சாலையோரத்திலேயே விடியும்வரை இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குப் போகவில்லை.