அப்பாவுக்கு ஒரு டகோடா காட்டினேன்

எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டை பஸ்ஸுக்கு டகோடா என்றுதான் பெயர். காரைக்குடி டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த அப்பா அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ தெரியாது. "இன்னைக்கு அந்த டகோடாவை ரோட்டுக்கு அனுப்பியாச்சு" என்று இரவு பத்து மணிக்குக் கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொல்வது இப்போதும் காதில் இருக்கிறது. அதனால் அவர் மூன்று மாதத்துக்கு டெக்ஸஸில் நான் இருக்கும் ஆஸ்டினுக்கு வந்தபோது, நிஜ டகோடாவை, அந்தப் பழைய போர்க்கால விமானத்தை, ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

ஆஸ்டினிலிருந்து தெற்கே ஐ-35 சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் சான் மார்கோஸ். ஊருக்கு வெளியே இருக்கும் விமானத் தளத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து மர ஹேங்கர் ஒன்று, விமானம் நிறுத்தும் கொட்டகை, இருக்கிறது. கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் உள்ளூர்ப் பிரிவு அங்கேதான் இயங்குகிறது. பழைய போர் விமானங்களை வாங்கி, பழுது பார்த்து, பறக்க வைப்பதுதான் இவர்கள் வேலை. உள்ளே நுழைந்ததும் சூடான எண்ணெய், ரப்பர், பழைய மரம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. அப்பா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துவிட்டு, "டெப்போ வாசனைம்மா" என்றார்.

விமானம் நடுவில் நின்றது. மங்கிய பச்சை நிறம், இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், மூக்குப் பக்கம் "தட்ஸ் ஆல், பிரதர்" என்று அதன் பெயர். "அவ்வளவுதான், தம்பி" என்று ஹிட்லருக்குச் சொன்ன சேதி அது. டக்ளஸ் கம்பெனியின் சி-47, நாமும் பிரிட்டிஷ்காரர்களும் டகோடா என்று அழைப்பது, 1944-இல் ஓக்லஹோமா சிட்டியில் செய்தது. அந்த ஜூன் 5 இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்னால் இங்கிலாந்தின் கிரீன்ஹம் காமன் தளத்திலிருந்து கிளம்பி, பிரான்ஸின் நார்மண்டி மீது பாராசூட் படையை இறக்கப் போன எண்ணூற்றுக்கும் மேற்பட்ட சி-47 விமானங்களின் முதன்மை அணிக்குத் தலைமை தாங்கியது இதுதான். ஓட்டியவர் லெஃப்டினன்ட் கர்னல் ஜான் டொனால்சன். அன்று சாயங்காலம் நேச நாட்டுப் படைகளின் தளபதி ஜெனரல் ஐசன்ஹோவர் அதே தளத்துக்கு வந்து, முகத்தில் கரி பூசி நின்ற பையன்களோடு பேசிக்கொண்டிருக்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிற விமானம் போர் முடிந்ததும் உபரிச் சாமானாக விற்கப்பட்டு, பல கை மாறி, ஒரு கட்டத்தில் வியட்நாம் போர்க்கால வண்ணத்தைப் பூசிக்கொண்டு, தான் யார் என்றே யாருக்கும் தெரியாமல் பறந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசியில் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் ஊரில் இருக்கும் பாஸ்லர் என்ற கம்பெனியின் முற்றத்தில் போய் நின்றது. பாஸ்லர் இந்த வகை விமானங்களின் உடலைச் சற்று நீட்டி, டர்பைன் எஞ்சின் பொருத்தி, அண்டார்டிகா வரைக்கும் போகிற மாதிரி மாற்றித் தருகிறவர்கள். இதுவும் அந்த வரிசையில்தான் நின்றது. டொனால்சனைப் பற்றித் தேடிக்கொண்டிருந்த ஒரு ராணுவ வரலாற்றாளர் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டே போய், அது இன்னும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். வெட்டி மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். 2015-இல் இந்த அமைப்பு அதை வாங்கியது. இணையத்தில் 75,000 டாலர் கேட்டார்கள், மக்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2018 ஜனவரி 31 அன்று, விஸ்கான்சின் குளிரில், மறுபடி பறந்தது. அடுத்த வருஷமே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, அந்தப் படையெடுப்பின் 75-வது ஆண்டு நினைவு நாளுக்கு நார்மண்டி போய் வந்தது.

இதையெல்லாம் நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் கண் எஞ்சினுக்கு அடியில் வைத்திருந்த தட்டில் இருந்தது. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "எத்தனை சிலிண்டர்?" என்றார். பதினான்கு. ஏழு ஏழாக இரண்டு வட்டம், பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன், காற்றிலேயே குளிர்வது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், அப்படியானால் இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து விமானத்துக்கு ஐம்பத்தாறு. அப்பா அந்த ஐம்பத்தாறு என்ற எண்ணை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர், எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கத் தயாரானேன், ஆனால் அதற்கு அதிக வேலை இருக்கவில்லை. கிளப்புவதற்கு முன்னால் இரண்டு பேர் ப்ரொப்பல்லரைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள், பெரியவர் பிளேடுகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஏன் என்று நான் கேட்பதற்குள் அப்பா விரலால் கீழ் சிலிண்டரைக் காட்டி, "எண்ணெய் கீழ எறங்கி நிக்கும்ல, அப்படியே ஸ்டார்ட் பண்ணினா ராடு வளைஞ்சிரும்" என்றார். அதேதான். எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் மெதுவாகக் கசிந்து கீழே இருக்கும் சிலிண்டர்களில் தேங்கும், காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. கையால் சுற்றும்போது இறுக்கமாகத் தட்டினால் பலத்தைக் காட்டக் கூடாது, கீழ் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். நான் அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் அப்பாவின் தோளில் கை போட்டு எஞ்சினின் மறுபக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் வரவே இல்லை.

"ஏம்மா, இதுக்கு பார்ட்ஸ் எங்க கிடைக்குதாம்?" என்று திரும்பி வந்து கேட்டார். அதுதான் நிஜமான கேள்வி. இந்த எஞ்சின்கள் 1,73,000-க்கும் மேல் செய்யப்பட்டவை, வேறெந்த விமான எஞ்சினும் இவ்வளவு எண்ணிக்கையில் வந்ததில்லை. அதனால்தான் இன்றும் பழைய கையிருப்பைத் தேடிப் பிடித்து ஓட்ட முடிகிறது. ஆனால் புதிதாக யாரும் செய்வதில்லை. சாமான் தீர்வதைவிட எனக்குப் பெரிய கவலை, அதைத் தொடத் தெரிந்த கைகள் தீர்வது. இறக்கையின் பின் ஓரத்தில் அசையும், துணி போர்த்திய ஏலெரானைத் தைக்கவும், எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லவும் புத்தகம் போதாது, பக்கத்தில் ஒருவர் நின்று காட்டித் தர வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில், இங்கிருந்து அதிக தூரமில்லாத பர்னெட்டில், இதே அமைப்பின் இன்னொரு சி-47 புறப்படும்போது விழுந்து எரிந்துபோனது. உள்ளே இருந்த பதின்மூன்று பேரும் உயிர் பிழைத்தார்கள். 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் கண்காட்சியில் ஒரு பி-17 விமானமும் ஒரு பி-63 விமானமும் மோதி ஆறு பேர் இறந்தார்கள். மிச்சமிருக்கிறதை மியூசியத்தில் பூட்டி வையுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அன்று அந்த ஹேங்கரில் தோன்றியது வேறு. நிறுத்தி வைத்த விமானத்துக்குத் தூசி தட்ட ஒரு ஆள் போதும். பறக்கிற விமானத்துக்குத்தான் பிளக் மாற்ற, ரிவெட் அடிக்க, துரு சுரண்ட, இறக்கை போல்ட்டைச் சோதிக்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். நம் விமானப்படையும் இதைச் செய்திருக்கிறது. 1947 அக்டோபர் 27-இல் சீக்கியப் படையோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோடாவின் நினைவாக, வி.பி. 905 என்ற எண் தாங்கிய ஒரு டகோடாவை பிரிட்டனில் புதுப்பித்து, 2018 ஏப்ரலில் பறந்தே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பரசுராமா என்று பெயர்.

அப்புறம், பறந்தோம். பணம் கட்டினால் ஏற்றிக்கொள்கிறார்கள், அதிலிருந்துதான் பெட்ரோலுக்கும் பழுதுக்கும் காசு வருகிறது. வால் தரையில் இருப்பதால் கதவிலிருந்து இருக்கைக்கு மேட்டில் ஏறுவது மாதிரி நடக்க வேண்டும். தலைக்கு மேலே கம்பி ஒன்று நீளமாக ஓடுகிறது, பாராசூட் வீரர்கள் கொக்கி மாட்டிக் குதித்த கம்பி அப்படித்தான் இருந்திருக்கிறது. முதல் எஞ்சின் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ஓடுபாதையில் முதலில் வால் எழும்பியது, தரை சமமானது, அப்புறம் எப்போது மேலே வந்தோம் என்றே தெரியவில்லை. சத்தத்தில் பேச முடியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு உள்ளங்கையை அலுமினியச் சுவரில் வைத்து அழுத்தியிருந்தார். டெப்போவில் பஸ் பானெட்டில் கை வைத்துக் கேட்பாரே, அதே மாதிரி. எதிரே இருந்த ஜன்னலில் டெக்ஸஸின் காய்ந்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பூடா என்ற ஊரைத் தாண்டும்போது சொன்னார்: "வலது எஞ்சின்ல ஒரு சிலிண்டர் சரியில்ல. அவருக்கும் தெரிஞ்சிருக்கு, கையால காட்டினார். அடுத்த சனிக்கிழமை கழட்டறாங்களாம். உனக்கு லீவுதானேம்மா?"