குளிரில் வேலை செய்ய எந்த ஏர் ஹோஸ் வாங்கலாம்?

கம்ப்ரசரிலிருந்து கருவிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்தான் ஏர் ஹோஸ். அதன் அட்டையில் 'மைனஸ் 40 டிகிரி வரை' என்று போட்டிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். அந்தக் குளிரில் ஹோஸ் உடையாது என்பது ஒன்று. அந்தக் குளிரிலும் கையால் வளைக்க வரும் என்பது இன்னொன்று. வேலை செய்கிறவருக்குத் தேவை இரண்டாவதுதான். உடையாமல் இருந்தாலும் கம்பி போல விறைத்து நிற்கிற ஹோஸ், சின்ன கம்ப்ரசரையே இழுத்துச் சாய்த்துவிடும். தரையில் சுருள் சுருளாக எழும்பி நின்று காலைத் தட்டும். ஆகவே அட்டையில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எதனால் செய்த ஹோஸ் என்று முதலில் பாருங்கள்.

விலை குறைவான ஹோஸ் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். அதில் மிருதுவாக்கும் ரசாயனம் கலந்துதான் வளைய வைக்கிறார்கள். 5 டிகிரிக்குக் கீழே போனதும் அது விறைக்கத் தொடங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே, முன்பு எப்படிச் சுருட்டி வைத்தீர்களோ அதே வடிவத்தில் நிற்கும். அந்த ரசாயனம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுவதால், புதிதில் தாங்கிய குளிரைப் பழைய ஹோஸ் தாங்காது. விரிசல் விழுவது பெரும்பாலும் முனையில் உள்ள இணைப்பை (ஃபிட்டிங்) ஒட்டிய முதல் பத்து சென்டிமீட்டரில். அந்த இடத்தை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெளிறிய வெள்ளைக் கோடு விழுந்தால் அது உடையத் தயாராகிவிட்டது. குளிர்கால வேலைக்கு வெறும் பிவிசி வேண்டவே வேண்டாம்.

ஹைப்ரிட் என்று விற்பதில் பிவிசியோடு ரப்பர் போன்ற பாலிமரைக் கலந்திருப்பார்கள். நல்லதாக அமைந்தால் மைனஸ் 20 வாக்கிலும் வளையும், எடையும் குறைவு. ஆனால் எதை எவ்வளவு கலந்தார்கள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரே பெயரில் நல்லதும் வரும், மட்டமானதும் வரும். அதனால் ஹைப்ரிட் வாங்கினால் கீழே சொல்லும் ஃப்ரீசர் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

ரப்பர் ஹோஸ் கனமானது, ஆனால் தரையோடு படுத்துக் கிடக்கும். இதில் கவனிக்க வேண்டியது உள் அடுக்கு. ஈபிடிஎம் ரப்பர் குளிரை நன்றாகத் தாங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதி மிருதுவாகிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், குளிரில் ஈபிடிஎம் அளவுக்கு நெகிழாது. ஆயில் போடும் பிஸ்டன் கம்ப்ரசரோ, லைனில் காற்றோடு எண்ணெய் கலந்துவிடும் லூப்ரிகேட்டரோ இருந்தால் உள்ளே எண்ணெய் தாங்கும் அடுக்கு இருந்தாக வேண்டும். காற்று ஹோஸுக்கான ஐஎஸ்ஓ 2398 தரத்தில் இரண்டு வெப்பநிலை வகுப்புகள் உண்டு: என்-டி என்றால் மைனஸ் 25 வரை, எல்-டி என்றால் மைனஸ் 40 வரை. கடுங்குளிருக்கு எல்-டி கேட்டு வாங்குங்கள்.

கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் வேலைக்கு, உள்ளே நூல் வலை பின்னிய பாலியூரித்தேன் ஹோஸுக்கு ஈடில்லை. அதே நீள ரப்பர் ஹோஸின் பாதி எடைகூட வராது. உறைநிலைக்குக் கீழே நன்றாகவே வளையும், உராய்வையும் தாங்கும். வெல்டிங் பொறியும் சூடான உலோகமும் பட்டால் உருகும் என்பது குறை. ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும் ஹோஸ் வேண்டுமென்றால் அதிலும் பாலியூரித்தேனையே எடுங்கள். நைலான் சுருள் குளிரில் விறைத்துவிடும்.

உள் விட்டத்தில் சிக்கனம் வேண்டாம். ஆணி அடிக்கும் கன்னுக்கு 1/4 இன்ச் போதும். நட்டைத் தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு 3/8 இன்ச் வேண்டும். அதில் காற்று போகும் வழியின் பரப்பு 1/4 இன்ச்சைப் போல இரண்டே கால் மடங்கு. உள்ளே பனி படியும்போது முதலில் மூச்சு முட்டுவது குறுகலான ஹோஸ்தான்.

ஃப்ரீசர் சோதனை இப்படி. ஹோஸை அல்லது அதே வகையில் ஒரு முழத் துண்டை, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். கையுறை போட்டு வெளியே எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் சுற்றி வளையுங்கள். எளிதாக வளைந்தால் நல்லது. இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தாலோ, மேல்தோல் வெளிறினாலோ, சட்டென்று பழைய சுருளுக்குத் திரும்பினாலோ வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் இடம் மைனஸ் 18ஐவிடக் குளிர் என்றால் இதில் தேறியது மட்டும் போதாது. இதில் தோற்றதை அங்கே கொண்டுபோகவே கூடாது.

ஹோஸ் எவ்வளவு நல்லதானாலும் உள்ளே தண்ணீர் உறைந்தால் வேலை நின்றுவிடும். கணக்கைப் பாருங்கள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் அதிகபட்சம் 17 கிராம் நீராவியைப் பிடித்துக்கொள்ளும். மைனஸ் 10ல் இரண்டரை கிராம்கூடப் பிடிக்காது. அழுத்தம் கூடினாலும் இந்த அளவு ஏறாது. 7 பார் அழுத்தத்தில் எட்டு கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டராக நெருக்கும்போது, மிஞ்சும் ஈரம் டேங்கிலேயே தண்ணீராக இறங்கும். மேலே நிற்கும் காற்று முழு ஈரத்தோடு இருக்கும். கம்ப்ரசர் சூடான அறையிலும் ஹோஸ் வெளியே மைனஸ் 10லும் இருந்தால், அந்த 17 கிராமில் 15 கிராம் ஹோஸுக்குள்ளேயே உறையும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்! நிமிடத்துக்கு 4 கன அடி காற்று இழுக்கும் கருவி தொடர்ந்து ஓடினால் சுமார் 70 நிமிடத்தில் இவ்வளவு சேர்ந்துவிடும்.

கம்ப்ரசர் பக்கத்தில் ஃபில்டர் மாட்டியிருக்கிறேனே என்று கேட்பார்கள். ஃபில்டர் பிடிப்பது துளியாகிவிட்ட தண்ணீரை மட்டும். ஆவியாக இருப்பது அதைத் தாண்டிப் போய் வெளியே துளியாகும். குளிரூட்டி உலர்த்தும் டிரையர் காற்றை 3 டிகிரி வரைதான் குளிர்வித்து ஈரத்தை இறக்கும், உறைகுளிருக்கு அது காணாது. சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சும் மணிகள் உள்ள டெசிக்கன்ட் டிரையர்தான் வழி. மணிகள் நிறம் மாறியதும் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். டிரையர் இல்லையென்றால் கம்ப்ரசரையே குளிரான இடத்தில் வைத்தால், ஈரத்தில் பெரும்பகுதி டேங்கிலேயே இறங்கிவிடும். அப்போது ஆயில் கெட்டிப்பட்டு மோட்டார் திணறும் என்பதையும், டேங்கின் வடிகால் வால்வு உறைந்துபோகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து டேங்க் சூடாக இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பனி முதலில் அடைப்பது, ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பான குயிக் கப்ளரிலும், ஹோஸ் தொய்ந்து கிடக்கும் பள்ளத்திலும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. கருவிப் பக்கம் காற்றே வராததால் லைன் காலி என்று நினைத்துக் கழற்றுவார்கள். பனிக்கட்டிக்குப் பின்னால் முழு அழுத்தமும் நிற்கும். அடைப்பு என்று தெரிந்தால் கம்ப்ரசர் பக்க வால்வை மூடி, அந்தப் பக்கமிருந்து காற்றை இறக்குங்கள். பிறகு ஹோஸை அறைக்குள் கொண்டுவந்து தானாக உருக விடுங்கள். தீ உமிழும் கேஸ் டார்ச்சைக் காட்டாதீர்கள்.

குளிரில் ரப்பர் சுருங்குவதால், அறையில் கசியாத கிளாம்ப் வெளியே 'உஸ்' என்று கசியும். திருகும் கிளாம்ப் என்றால் ஹோஸ் குளிர்ந்த பிறகு ஒருமுறை இறுக்குங்கள். அழுத்திப் பொருத்திய உலோக வளையமான ஃபெருல் வகையில் இந்தத் தொல்லை குறைவு. கப்ளருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் விறைக்கும். ஒரு சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, உதிரி ஓ-ரிங் இரண்டு பையில் வைத்திருங்கள்.

நாள் முடிவில் காற்றை இறக்கி இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஒரு முனையை உயரத் தூக்கி, கைக்குக் கையாக மறுமுனை வரை தூக்கிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் வழிந்துவிடும். அகலமான வளையமாகச் சுருட்டி அறைக்குள் மாட்டுங்கள். வெளியே விறைத்துக் கிடந்த ஹோஸை அப்படியே இழுத்துப் பிரிக்காமல், அறைச் சூட்டில் இளகவிட்டுப் பிரியுங்கள்.